லென்ஸுக்கு அடியில் ஈரம்

ஜனவரி 12

அண்ணிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். அண்ணன் எப்படி இருக்கிறான் என்று அவனிடமே கேட்டிருப்பேன், அவன் போனை எடுத்தால். ஒரு மாதமாக எடுப்பதில்லை. உங்களைக் கூப்பிட்டால், "வேலையா இருக்கார், அப்புறம் பேசுவார்" என்று வைத்துவிடுகிறீர்கள். போன முறை நாம் இருவரும் கத்திக்கொண்டதை என் வீட்டுக்காரம்மா சுவர் வழியாக முழுதாகக் கேட்டுவிட்டு, மறுநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி அனுதாபப்பட்டார். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதிப் பேச்சில் துண்டிக்க முடியாது.

விஷயம் ஒன்றுதான். அம்மாவின் மூக்குக்கண்ணாடி. செப்டம்பரில் பஞ்சு சுற்றி, பெட்டியில் வைத்து அண்ணனுக்கு அனுப்பினேன். என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தேன். உங்கள் பட்டறையில் நினைவுப் பொருட்களைப் பதித்துக் கொடுப்பீர்களே, அது மாதிரி உள்ளங்கை அளவில் ஒரு ரெசின் கட்டி. அடியில் அம்மாவின் சமையலறைச் சுவரில் இருந்த அதே நீலம். அதன் மேல் மடித்து வைத்த கண்ணாடி. மேலே, புற ஊதா விளக்கு பட்டால் இறுகுகிற, தண்ணீர் போலத் தெளிந்த யூவி ரெசின். ஹார்டனர் கலந்து இறுகவைக்கிற சமாச்சாரம் வேண்டாம், அது ஒரு வருடத்தில் மஞ்சளாகிவிடும். அடுக்கடுக்காக ஊற்றி விளக்கின் கீழ் வைத்தால் அடுக்குக்கு ஐந்து நிமிடம். "பத்து நாள்ல அனுப்பிடுறேன் வாலு" என்றான். நான்கு மாதம் ஆகிறது.

ஏப்ரல் பதினெட்டு வந்தால் அம்மா போய் ஒரு வருடம். அன்று அது என் மேசையில் இருக்க வேண்டும். அம்மாவின் சாமான்களைப் பிரித்தபோது நான் எதற்கும் வாய் திறக்கவில்லை. பீரோவும் தையல் மிஷினும் உங்களிடம்தான் இருக்கின்றன. எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். இப்போது அதுவும் உங்கள் பட்டறையில்.

என் அண்ணன் சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை. அவனைத் தவறவைக்கக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார்.

அண்ணனுக்கு என் அன்பு. உங்களுக்கு வணக்கம்.

நாத்தனார்


ஜனவரி 30

வாலுவுக்கு,

நான் சௌக்கியம். பட்டறை நடக்கிறது. உன் வீட்டுக்காரம்மாவுக்கு என்னுடைய அனுதாபத்தையும் சொல், பக்கத்து அறையில் உன்னை வைத்துக்கொண்டிருக்கிறாரே.

கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. நான் ஒன்றும் அதை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகவில்லை. ரெசின் இறுகவில்லை, அவ்வளவுதான். மேலே தட்டினால் கல் மாதிரி இருக்கிறது. லென்ஸுக்கு அடியில் மட்டும் ஈரம் அப்படியே நிற்கிறது. கட்டியைச் சாய்த்தால் உள்ளே ஒரு குமிழி, கொத்தனாரின் ரசமட்டத்தில் ஓடுகிற மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறது.

உன் அண்ணனிடம் நான் முதல் நாளே சொன்னேன். "ரெசினையும் ஹார்டனரையும் எடை போட்டுக் கலக்கி ஊத்துங்க, மேல ஒரு டப்பாவைக் கவுத்து ரெண்டு நாள் விட்டுடுங்க, வெளிச்சம் இருந்தாலும் இல்லாட்டியும் அது பாட்டுக்கு இறுகிடும்" என்று. "வாலு விளக்குலதான் பண்ணச் சொல்லியிருக்கா" என்றார். அதற்கு மேல் இந்த வீட்டில் பேச்சு ஏது? நீ வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது, உன் உத்தரவு மட்டும் இன்னும் போகவில்லை.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். அந்த விளக்கைக் கொண்டுவந்தவள் நீ. எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவளும் நீ. இப்போது பெரிய கம்பெனியில் ரெசின் பிரிவில் இருக்கிறாய். அங்கே விளக்கு இல்லையா? உன் அம்மாவின் கண்ணாடியை உன் கையாலேயே செய்துகொள்ளாமல் ஏன் இங்கே அனுப்பினாய்?

குளிர் அதிகமாக இருந்தால் காதை மூடிக்கொண்டு போ.

அண்ணி


பிப்ரவரி 8

அண்ணிக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் சௌக்கியம் என்றும் பட்டறை நடக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அண்ணன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. கவனித்தேன்.

இறுகவில்லை என்று எனக்குக் காது குத்தாதீர்கள். யூவி ரெசின் இறுகாமல் இருக்க மூன்று காரணங்கள்தான் உண்டு. விளக்கு பழசாகியிருக்க வேண்டும், அடுக்கு கனமாகப் போயிருக்க வேண்டும், அல்லது செய்கிறவருக்கு மனமில்லாமல் இருக்க வேண்டும். விளக்கு நான் வாங்கியது. அண்ணன் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஊற்றமாட்டான். மிச்சம் எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு வந்த நாளிலிருந்தே உங்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. நானும் அண்ணனும் ஒரு மணி நேரத்தில் இருபது பதக்கம் முடித்துவிட்டு எழுந்திருப்போம். நீங்கள் அந்தப் பக்கத்து மேசையில் கையுறை, முகமூடி, ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு, யாருக்கோ வயிற்றைக் கிழிக்கப் போகிறவர் மாதிரி நின்று, ஒரு காகிதக் கோப்பையைப் பத்து நிமிடம் கலக்கிக்கொண்டிருப்பீர்கள். பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு இப்போது பழி வாங்குகிறீர்களா?

கம்பெனியில் சொந்த வேலைக்கு எதையும் தொடக்கூடாது. அந்தக் கேள்விக்கு இது போதும்.

நீங்கள் அந்த வீட்டுக்குப் பின்னால் வந்தவர். அம்மாவின் பொருளைப் பற்றிப் பேசவேண்டியது நானும் அண்ணனும். அண்ணன் தன் கையெழுத்தில் ஒரு கடிதம் போடட்டும். "இறுகலை வாலு" என்று அவன் எழுதினால் நம்புகிறேன். நீங்கள் எழுதினால் நம்பமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவனையும்.

நாத்தனார்


மார்ச் 3

மதிப்பிற்குரிய நாத்தனாருக்கு,

பின்னால் வந்தவள் எழுதுகிறேன். சௌக்கியமாகவே இருக்கிறேன். நீங்களும் குறையொன்றும் இல்லாமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், மிக்க மகிழ்ச்சி.

நீங்கள் சொன்ன மூன்று காரணங்களோடு நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தை கண்ணாடி வாங்கிய கடைக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். கடைக்காரர் பழைய ரசீதுப் புத்தகத்தைத் தேடிப் பார்த்துச் சொன்னார்: "கண்புரை ஆபரேஷன் ஆனவங்க இல்லையா? யூவி தடுக்குற பூச்சு போட்ட லென்ஸ் அது. பொண்ணுதான் கூட வந்து, அதுதான் வேணும்னு கேட்டு வாங்கினாங்க."

அந்தப் பொண்ணு யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள், ரெசின் பிரிவில் இருக்கிறவர். மேலே கதிரை உள்ளே விடாத லென்ஸ். கீழே நீங்கள் கேட்ட நீலம், அதன் வழியாகவும் ஒன்றும் போகாது. சுற்றிலும் அத்தையின் கட்டைவிரல் தடிமனுள்ள கருப்பு பிரேம். நடுவில் மாட்டிக்கொண்ட ரெசினுக்கு வெளிச்சம் எந்த வழியாகப் போகும்? ஐந்து நிமிடம் வைத்தாலும் ஐந்து மாதம் வைத்தாலும் அது இறுகாது. உங்கள் அண்ணன் வெயிலில் கூட வைத்துப் பார்த்தார். தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். பின்பக்கம் துளை போட்டு, ஈரத்தை வடித்து, துடைத்து, மறுபடி நிரப்பிப் பார்த்தார். ஒன்பது முறை. "அவ ஆசைப்பட்டுக் கேட்டது" என்று ஒன்பது முறையும் அதே பேச்சு.

அவருக்கு எழுத நேரமில்லை. இதற்கு மேல் என்னிடமிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணி


மார்ச் 11
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? நிஜமாகவே கேட்கிறேன். அண்ணி கடிதத்துக்குக் கடிதம் தன் சௌக்கியத்தை மட்டும்தான் எழுதுகிறார். இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தபால்காரர் உன் கையில்தான் கொடுப்பார், நீதான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு கையெழுத்தாவது எனக்கு வந்து சேரட்டும்.

கண்ணாடிக்காக இல்லை அண்ணா. முதலில் கண்ணாடிக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போது வேறு பயம் வந்துவிட்டது. அம்மா போன பிறகு எனக்கு இருப்பது நீ ஒருவன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, ஒன்றும் பேசாமல், பின்னால் ஓடுகிற ஃபேன் சத்தத்தைக் கேட்டபடி பத்து நிமிடம் இருப்போமே, அது நின்று மூன்று மாதம் ஆகிறது. நான் என்ன தப்பு செய்தேன்?

லென்ஸில் பூச்சு இருந்ததை நான் மறந்தே போனேன். அண்ணி அதைக் குத்திக் காட்டி எழுதியிருக்கிறார். சந்தோஷமாக எழுதியிருக்கிறார், வரிக்கு வரி தெரிகிறது. அவருக்கு எப்போதும் மற்றவர்கள் தவறு செய்ய வேண்டும், தான் முன்னாலேயே சொன்னதாக இருக்க வேண்டும். உன்னைத் தலையாட்டி பொம்மையாக்கி வைத்திருக்கிறார். நீ என்னிடம் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார், அப்படித்தானே? ஆமாம் என்றால் ஒரு வெள்ளைத் தாளில் ஆமாம் என்று மட்டும் எழுதிப் போடு. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வாலு


மார்ச் 24

அண்ணிக்கு,

இந்த முறை சௌக்கியம் விசாரிப்பதெல்லாம் வேண்டாம்.

ஒப்புகை அட்டை வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கைநாட்டு. என் அண்ணன் கைநாட்டா? பள்ளிக்கூடத்தில் அவன் கையெழுத்தைக் கரும்பலகையிலிருந்து அழிக்க வாத்தியாருக்கே மனம் வராது. கட்டிகளின் அடியில் அவன் எழுதும் பெயர்களுக்காகவே உங்கள் கடைக்கு ஆள் வருகிறது. அவன் கட்டைவிரலை உருட்டி வைத்தானாம், நான் நம்ப வேண்டுமாம்!

அந்த அட்டையை ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். நீல மை மட்டும் வட்டமாகப் படிந்திருக்கிறது. உள்ளே ஒரு ரேகை இல்லை. ஒரு கோடு கூட இல்லை. வழவழவென்று, பலூனை அழுத்தி எடுத்தது போல இருக்கிறது. எந்த மனிதனின் விரல் அப்படிப் பதியும்? ரப்பர் கையுறை போட்ட விரல் பதியும். அந்த வீட்டில் காலை முதல் மாலை வரை கையுறையோடு திரிகிறவர் யார் என்று தபால்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

அவன் கடிதத்தை நீங்கள் வாங்கினீர்கள். அவன் பெயரில் உங்கள் கட்டைவிரலை வைத்தீர்கள். இது குற்றம். தபால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டேன்.

பத்து நாள் தருகிறேன். அண்ணன் என்னிடம் பேச வேண்டும். கண்ணாடி இருக்கிற கோலத்திலேயே எனக்கு வந்து சேர வேண்டும். இல்லையென்றால் நேரில் வருவேன், தனியாக வரமாட்டேன்.

நாத்தனார்


ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். இன்றோடு அதை மீறுகிறேன். அவருக்குத் தெரியாமல் தபால் அலுவலகத்திலேயே நின்று எழுதுகிறேன்.

அது அவருடைய விரல்தான். ரேகை இல்லை, ஏனென்றால் அந்த விரலில் தோலே புதிது. நவம்பரிலிருந்து பத்து விரல்களும் வெடித்து, நீர் கோத்து, உரிந்து, மறுபடி வெடித்துக்கொண்டிருக்கின்றன. ஆரம்பத்தில் வெறும் அரிப்பு. சோப்பை மாற்றினார். அதோடுதான் உங்கள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். துளை போட்டு வடித்த ஈர ரெசின் ஒன்பது முறையும் கையில் வழிந்தது. "கையுறை போட்டுக்கோங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "வாலு போட்டதே இல்லையே, அவளுக்கு என்ன ஆச்சு?" என்றார். ஒன்பதாவது முறைக்குப் பிறகு கண் இமை வரைக்கும் வீங்கிவிட்டது.

தோல் டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இறுகாத ரெசின் ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா, அப்புறம் வாழ்நாள் பூரா ஒத்துக்காது. ஒரு சொட்டு பட்டாலும் இப்படித்தான் ஆகும். இந்தத் தொழிலை விட்டுடுங்க." பட்டறைக்குள் அவர் காலடி வைத்து மூன்று மாதம் ஆகிறது. வேலை எல்லாம் நான்தான். அவர் முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுகிறார், இரண்டு கையையும் மடியில் மறைத்து வைத்துக்கொண்டு. கட்டுப் போட்ட விரல் பட்டால் போன் திரைக்குத் தெரிவதில்லை. நான் பிடித்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவாராம்.

தபால்காரர் வந்த அன்று பேனாவை வாங்கி எழுதத்தான் பார்த்தார். முதல் எழுத்திலேயே புண் வெடித்துவிட்டது. தபால்காரர்தான், "பரவாயில்ல சார், கட்டைவிரல் வைங்க" என்று ஸ்டாம்ப் பேடை நீட்டினார். பிறகு உங்கள் கடிதத்தைப் பிரித்துத் தந்ததும் பக்கம் திருப்பியதும் நான். தலையாட்டி பொம்மை என்று எழுதிய பக்கத்தை என் கையில் பிடித்துக்கொண்டு அவர் படித்து முடிக்கிறவரை நின்றேன். எனக்கும் கண் தெரியும்.

எதற்காக மறைத்தோம் என்று கேட்பீர்கள். அவர் சொன்னார்: "வாலுவுக்குத் தெரியக்கூடாது. தன்னாலதான்னு நெனச்சு உடைஞ்சு போயிடுவா." அந்த ஒரு வார்த்தைக்காக ஜனவரியிலிருந்து உங்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். தன்னாலதான் என்று நீங்கள் நினைக்க வேண்டும். நினையுங்கள். நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

கட்டியை நான் அறுத்துவிட்டேன். கையுறையோடு. பிரேம் முழுசாக இருக்கிறது, வலது லென்ஸில் கீறல் விழுந்திருக்கிறது. ஹார்டனர் கலந்து மறுபடி ஊற்றப் போகிறேன். போலீசைக் கூட்டிவருவதானால் அவர் தூங்கி எழுந்த பிறகு கூட்டிவாருங்கள், மாத்திரை போட்டால் மதியம் தூங்குகிறார்.

அண்ணி


ஏப்ரல் 21

நாத்தனாருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அவருக்கு இடது கை கொஞ்சம் தேவலை.

பதினெட்டாம் தேதி போய்விட்டது. உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. காலையில் தபால் வருகிற நேரத்துக்கு அவர் நாற்காலியை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொள்கிறார். நான் உங்களுக்கு எழுதியது அவருக்குத் தெரியாது. "அவளுக்குக் கோவம் தீரலை போலிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

கண்ணாடி இறுகிவிட்டது. இரண்டு நாள் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தேன், மூன்றாம் நாள் திறந்தால் மேலும் கீழும் நடுவும் ஒரே மாதிரி இறுகியிருந்தது. கீறலில் ரெசின் நிறைந்து, கீறல் இருந்த இடமே தெரியவில்லை. அவர் வாங்கிப் பார்த்தார். பயப்பட வேண்டாம், முழுக்க இறுகிய பிறகு அது ஒன்றும் செய்யாது, டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன். ரொம்ப நேரம் மடியில் வைத்திருந்தார்.

கோபித்துக்கொள்ள உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடைந்து போனீர்களா இல்லையா என்பதை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடுங்கள்.

அண்ணி


மே 6

அண்ணிக்கு,

எப்படி இருக்கிறேன் என்று இந்தக் கடிதத்தில் உண்மையாக எழுதுகிறேன். அதற்குத்தான் ஒரு மாதம் ஆயிற்று. எட்டு முறை எழுதிக் கிழித்தேன்.

என் விரல்களும் அப்படித்தான் இருக்கின்றன. போன மாதத்திலிருந்து இல்லை, இரண்டு வருடமாக. பட்டறையில் இருந்தபோதே ஆரம்பித்துவிட்டது. நீங்கள் பார்க்கக்கூடாது என்று விரல்களை மறைக்கிற அளவுக்கு நீளக் கை வைத்த சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். உங்களுக்குத் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போனேன். உங்கள் டாக்டர் சொன்ன அதே வார்த்தைகளை அவரும் சொன்னார். மறுவாரமே பெரிய கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நான் ரெசின் பிரிவில் இல்லை. ஒரு நாள் கூட இருந்ததில்லை. சரக்குப் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு அடிக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நீயே செய்துகொள்ளேன் என்று கேட்டீர்களே, இதுதான் பதில்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் வெட்கக்கேடான பதில்தான் இருக்கிறது. சொன்னால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். முதல் நாளிலிருந்து கையுறை கையுறை என்று சொன்னவர் நீங்கள், சிரித்தவள் நான். "நான் சொன்னேனா இல்லையா" என்று நீங்கள் ஒரு பார்வை பார்ப்பீர்கள், அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். அண்ணனுக்கு வராது, அவன் தோல் கெட்டி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணாடியை அனுப்பிய அன்றும் பெட்டியை ஒட்டும்போது ஒரு நிமிடம் கை நின்றது. ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டிருக்கலாம். போடவில்லை.

நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு ஆபரேஷன் செய்யப் போகிறவர் மாதிரி நிற்பீர்கள் என்று பிப்ரவரியில் கேலி செய்து எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது என் இரண்டு கையிலும் களிம்பு தடவி, பருத்திக் கையுறை போட்டிருந்தேன்.

அண்ணனின் தொழில் போனது ரெசினால் இல்லை. என்னால். அவன் மறைத்தது எனக்காக. நான் மறைத்ததும் எனக்காகத்தான். கண்ணாடியை அனுப்பாதீர்கள், அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். நீங்கள் எதைச் செய்தாலும் அது எனக்குத் தகும்.

வாலு


மே 15

வாலு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத இன்று மனம் வரவில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுகை வந்தது. மூன்றாவது முறை உன்னைப் பிடித்து அறைய வேண்டும் போல இருந்தது. அண்ணா, கையுறை போட்டுக்கோ. மூன்றே வார்த்தை. நான் முந்நூறு முறை சொல்லியும் கேட்காதவர், நீ ஒரு முறை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னை ஜெயிக்கவிடக்கூடாது என்று அவர் கைகளைக் கொடுத்துவிட்டாய். நான் என்னத்தை ஜெயித்தேன், வந்து பார். காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி பயந்து பயந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொடுகிறார்.

இஷ்டப்படி செய்யுங்கள் என்று எழுதிவிட்டால் உன் வேலை முடிந்ததா? நான் காட்டினால் காட்டிக்கொடுத்தவள், மறைத்தால் கூட்டுக் களவாணி. அவர் மறைக்கச் சொன்னதை ஆறு மாதம் சுமந்தேன். நீ மறைத்ததையும் சேர்த்துச் சுமக்க என்னால் முடியாது.

கடிதம் வந்த அன்று அவர் கேட்டார், "என்ன எழுதியிருக்கா?"

"நல்லா இருக்காளாம்."

"கோவமா இருக்காளா?"

"இல்ல."

எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன் தெரியுமா? உனக்காக இனி ஒரு பொய் சொல்லமாட்டேன்.

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதை அவரிடம் கொடுக்க வேண்டியவள் நீ. எடுத்துக்கொண்டு வந்து, உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி அவர் மடியில் உன் கையை வைத்துச் சொல். நான் அங்கே இருக்கமாட்டேன், பட்டறையில் இருப்பேன். நீ சொல்லி முடிப்பதற்குள் அவர் உன்னை மன்னித்துவிடுவார். கண்ணாடியையும் அவரே உன் கையில் கொடுப்பார், யாரிடமும் தரமாட்டேன் என்று வைத்திருக்கிறார். நான் உன்னை மன்னிக்கமாட்டேன். இந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் இல்லை. அது தெரிந்தேதான் நீ வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வா. அன்று கடைக்கு யாரும் வரமாட்டார்கள். அவர் தனியாகத்தான் இருப்பார்.

அண்ணி